நீயும் நீங்களும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பல்கலைக்கழகம் இருந்ததாம். அதன் வாசலில் ஒரு பஸ் நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் இருபது வருஷமாக விசில் ஊதி, ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த ஒரு கண்டக்டருக்கு, நாற்பத்துநாலு வயதில், தானும் இங்கே இறங்கினால் என்ன என்று ஓர் ஆசை வந்ததாம். இறங்கியும் விட்டார்.

அவர் பெயர் ஆவுடையப்பன். வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் நடந்த எம்.ஏ. ஆங்கில வகுப்பில் சேர்ந்து ஒரு வருஷம் ஓடியிருந்தது. பாடம் எடுத்தவர் ஜெபகனி. அவருக்கு வயது இருபத்தெட்டுதான். தன்னைவிடப் பதினேழு வயது மூத்த மாணவரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார். மாணவரோ, மேடம் உட்காரச் சொல்லாமல் உட்கார மாட்டார்.

அன்றைக்கும் ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆவுடையப்பன் ஆங்கிலத் துறைக்குள் வந்து, ஜெபகனியின் மேஜையில் ஒரு கடிதத்தை வைத்தார்.

“என்ன அண்ணாச்சி இது?”

“படிப்பை நிறுத்திக்கிடுதேன்னு எழுதியிருக்கேன் மேடம். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்.”

“உட்காருங்க. என்ன ஆச்சு?”

உட்கார்ந்தார். “டிப்போவுல ஆள் பத்தலை. மேனேஜர் கூப்பிட்டு, ‘ஏய் ஆவுடை, உனக்கு எதுக்குச் சனிக்கிழமை லீவு? கண்டக்டருக்கு இங்கிலீஷ் எம்.ஏ.வால என்ன லாபம்? ஒரு வரி சொல்லு, லீவு குடுத்துடுதேன்’னாரு. சொல்லத் தெரியலைன்னா சனிக்கிழமையும் வண்டிக்கு வரணும். இல்ல, லீவுதான் வேணும்னா மலையூர் நைட் ஹால்ட்டுக்குப் போகணும். ஒரு வருஷத்துக்கு.”

மலையூர் நைட் ஹால்ட் என்றால் டிப்போவில் எல்லோரும் ஒதுங்கும் வேலை. கடைசி வண்டியை மலைமேல் கொண்டுபோய் நிறுத்தி, குளிரில் வண்டிக்குள்ளேயே படுத்து, விடியுமுன் எழுந்து வர வேண்டும்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நானா சொல்லலை. டைம்கீப்பர் பொன்னையாதான் சொல்லிக் குடுத்தாரு. குற்றாலம் சீசனுக்கு வெள்ளைக்காரங்க வருவாங்க, பேச உதவும்னு சொல்லச் சொன்னாரு. சொன்னேன். ‘இருபது வருஷத்துல உன் வண்டியில எத்தனை வெள்ளைக்காரன் ஏறினான்?’னு கேட்டாரு மேனேஜர்.”

“எத்தனை பேர்?”

“ஒருத்தர் மேடம். அவரும் நம்மளைவிட நல்லாத் தமிழ் பேசினாரு.”

ஜெபகனி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“ப்ரமோஷன் வரும்னு சொல்லலாம்னா, அதுக்கு இந்தப் படிப்பு கணக்கில்லையாம். டிப்போவுக்குள்ள நுழைஞ்சாலே ‘துரை வாராரு, எந்திரிங்கவே’ங்கானுவ. மூணு மணிக்குள்ள பதில் சொல்லணும். நீங்கதான் மேடம் ஒரு வரி சொல்லணும். இல்ல, கையெழுத்துப் போட்டுடுங்க.”

ஜெபகனி கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. இழுப்பறையிலிருந்து நாலு தாள்களை எடுத்து, மேலே இருந்ததை மட்டும் கொடுத்தார்.

“இதைத் தமிழ்ல எழுதுங்க. இன்னும் நேரம் இருக்கு.”

ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் சடைவுதான். ஆனாலும் பேனாவை எடுத்தார். ஆங்கிலத்தில் சின்ன உரையாடல். ஊர் கிடையாது, பெயர் கிடையாது. மழையில் ஒருவர் கதவைத் தட்டுகிறார். உள்ளே இருப்பவர் யார் என்று கேட்கிறார். வெளியே இருப்பவர் திறக்கச் சொல்கிறார். அவ்வளவுதான். அதற்கு எவ்வளவு நேரமாகும்? எழுதி நீட்டினார்.

ஜெபகனி வாசித்தார்.

“‘யார் நீ? இந்த மழையில உனக்கு என்ன வேணும்?’ ‘ஐயா, கொஞ்சம் கதவைத் திறங்க ஐயா. நீங்க திறந்தாப் போதும்.’ நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. இங்கிலீஷ்ல இல்லாத ‘ஐயா’ எங்க இருந்து வந்தாரு?”

“மழையில ஒதுங்க இடம் கேக்கவன் அப்படித்தானே மேடம் பேசுவான்?”

“சரி. இது அடுத்த தாள்.”

அடுத்த தாளில், வெளியே நின்றவர் ஒரு டாக்டர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நாலு மைல் நடந்தே வந்திருக்கிறார்.

“அடடா,” என்றார் ஆவுடையப்பன். தான் எழுதிய தாளைத் திருப்பி வாங்கி முதல் வரியை அடித்தார். ‘யாருங்க? இந்த மழையில நனையுறீங்களே’ என்று மேலே எழுதினார். ஐயாவை எடுத்தார். ‘கதவைத் திறப்பா. பிள்ளை எங்கே?’ என்று டாக்டரின் குரலைக் கொஞ்சம் கூட்டினார்.

ஜெபகனி மூன்றாவது தாளைக் கொடுத்தார். டாக்டர் வீடு தவறி வந்துவிட்டார். அந்த வீட்டில் பிள்ளையே கிடையாது. உள்ளே இருந்தவர் ஒரு நீதிபதி.

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். நீதிபதியைப் பார்த்து ‘திறப்பா’ என்று எப்படிச் சொல்வது? அதையும் அடித்தார். இரண்டு பக்கமும் ‘நீங்க’ போட்டார். கொஞ்சம் யோசித்து, டாக்டர் வாயில் ஒரு ‘ஐயா’வையும் திருப்பி வைத்தார்.

நாலாவது தாள் வந்தது. அந்த நீதிபதி போன மாதம்தான் லஞ்ச வழக்கில் வேலை போனவர்.

பேனா அந்த ‘ஐயா’வுக்கு மேலேயே போய் நின்றது.

“எடுக்கணுமா அண்ணாச்சி?”

“எடுக்கலாம்னுதான் தோணுது.”

“எடுங்க.”

எடுத்தார். அடித்து அடித்துத் தாள் அந்த இடத்தில் கிழிந்தே போயிற்று. ஜெபகனி ஆங்கிலத்தில் இருந்த முதல் தாளை எடுத்து, கிழிந்த தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் ஒரு கீறல் இல்லை. இங்கேயும் ‘யூ’, அங்கேயும் ‘யூ’.

ஆவுடையப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “இங்கிலீஷ்ல மரியாதை கிடையாது மேடம். அதான் இந்தப் பாடு.”

“அங்கேயும் ஒரு காலத்துல ரெண்டு சொல் இருந்தது அண்ணாச்சி. நாளாக ஆக ஒண்ணைக் கைவிட்டுட்டாங்க.”

“எதை? மரியாதைச் சொல்லைத்தானே?”

“இல்ல. நீ-யை.”

ஆவுடையப்பன் விடவில்லை. “நமக்கு ரெண்டும் வேணும் மேடம்,” என்றார். “கூடப் படிச்சவனைப் போயி நீங்கன்னு கூப்பிட முடியுமா? பெத்த தாயை நீங்கன்னா அவ பயந்துபோவா.”

“வேணும்தான். நம்மகிட்ட ரெண்டும் இருக்கு. இந்தத் தாள்ல எதை எங்க போடணும்னு யார் முடிவு பண்ணினது?”

“கதைதான்.”

“முதல் தாள்ல கதையே இல்லையே.”

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்தது. வகுப்பில் ஒருநாளும் குரலை உயர்த்தாதவர்தான். ஆனால் ஒரு வரி கேட்டு வந்த இடத்தில் நாலு தாளை வைத்து அலைக்கழித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“இது நியாயமில்ல மேடம். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்து என்னைத் தப்பு பண்ண வச்சிட்டீங்க. முழுக் கதையையும் முதல்லயே குடுத்திருந்தா ஒழுங்கா எழுதியிருப்பேன்.”

மணி அடித்தது. அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஜெபகனி புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். கடிதத்தை மேஜை நடுவில் வைத்து, தன் பேனாவையும் திறந்து அதன்மேல் வைத்தார்.

“கையெழுத்துப் போடணும்னா வகுப்புக்கே வந்து வாங்கிக்கோங்க.”

“நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலையே மேடம்.”

வாசல் வரை போனவர் திரும்பினார்.

“உங்க வண்டியில ஏறுறவங்க முழுக் கதையும் சொல்லிட்டா ஏறுறாங்க, அண்ணாச்சி?”

சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். நேற்று ஒருநாள் மட்டும் அவர் வண்டியில் நானூறு பேராவது ஏறியிருப்பார்கள். படியில் கால் வைத்தவுடன் சிலருக்கு ‘ஏறு’. சிலருக்கு ‘ஏறுங்க’. ஈரச் சாக்கோடு நின்ற ஒருத்திக்கு, ‘உனக்கு வேற வண்டி கிடைக்கலையா?’ அவள் முகத்தை நினைத்துப் பார்த்தார். சாக்குதான் ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜரே போன் செய்தார்.

“என்ன ஆவுடை, ஒரு வரி கிடைச்சுதா?”

“கிடைக்கலை சார்.”

“அப்போ சனிக்கிழமை வந்திருதியா?”

“இல்ல சார். மலையூர் வண்டியே போட்டுக்கிடுங்க.”

“லாபம் என்னன்னே தெரியலைங்கே. பொறவு எதுக்குவே ஒரு வருஷம் குளிர்ல கிடக்கப் போறே?”

ஆவுடையப்பனுக்கு மறுபடியும் அந்த ஈரச் சாக்குதான் கண்ணில் வந்து நின்றது. “வச்சிடுதேன் சார்,” என்றார்.

போனைச் சட்டைப்பையில் போட்டார். மேடத்தின் பேனாவை மூடி வைத்தார். கடிதத்தைக் கசக்கிக் கையில் எடுத்துக்கொண்டு, வராந்தாவில் இறங்கி வகுப்புக்கு நடந்து போனார்.