மாறு

மூளையில் மொழி எங்கே குடியிருக்கிறது என்று பதினேழு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர் டாக்டர் இளவழுதி. வயது நாற்பத்து மூன்று. அவருடைய குரு டாக்டர் கமலவேணி அவரைவிட எட்டு வயது மூத்தவர். அந்த அம்மையார் எழுதியது நான்கே கட்டுரை. நான்கும் குட்டை.

ஒரு நாள் பகலில் சீடர் குருவின் அறைக்கு வந்தார்.

"மேடம், பயம் எப்போ போகும்?"

குரு கையிலிருந்த ஸ்கேன் படத்தைக் கீழே வைக்கவில்லை.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க?"

"முப்பத்தொரு பேர். எல்லாரும் நல்லாப் பேசுறாங்க. ஆனா முதல் ஆளுக்குப் பண்ணினப்போ இருந்ததைவிட இப்போ பயம் ஜாஸ்தியா இருக்கு. டிரில் சத்தம் காதைவிட்டுப் போகல. வீட்ல மிக்ஸி ஓடினா எழுந்து வெளிய போயிடுறேன்."

"சட்னி யார் அரைக்கிறது?"

"மேடம், நான் சீரியஸா கேக்குறேன்."

கதவு திறந்தது. துறை உதவியாளர் ராயப்பன் டீ கொண்டுவந்தார். சித்திரை வெயிலிலும் தலையில் கம்பளிக் குல்லா போட்டிருப்பவர்.

"சர்க்கரை போட்டாச்சா?" என்றார் சீடர்.

"ஆமா."

"போடாமத்தானே கேட்டேன்?"

"ஆமா."

ராயப்பன் போய்விட்டார். சீடர் ஒரு வாய் குடித்தார். பாகு.

"நான் இங்க வந்து எட்டு மாசமாச்சு. எதைக் கேட்டாலும் ஆமாதான். என்னை மறுத்துப் பேசாத ஒரே ஆள் இவர்தான்" என்று சிரித்தார் சீடர்.

குரு சிரிக்கவில்லை.

"உங்க கேள்விக்கு நாளைக்குப் பதில் சொல்றேன். நாளைக்கு அட்டையை நான் காட்டுறேன்" என்றார்.



அட்டை காட்டுவது என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். பேச்சு இருக்கும் இடத்தருகே கட்டி வந்தால், நோயாளியை நடுவில் எழுப்பிவிட்டுத்தான் வெட்டுவார்கள். மூளைக்கு வலி தெரியாது. மருத்துவர் ஓர் இடத்தில் மெல்லிய மின்சாரத்தை வைப்பார். அதே நொடியில் ஒருவர் நோயாளியின் முகத்துக்கு நேரே படம் வரைந்த அட்டையைக் காட்டுவார். பெயரைச் சரியாகச் சொன்னால் அந்த இடத்தை வெட்டலாம். தடுமாறினால் அங்கே பேச்சு இருக்கிறது. தொடக்கூடாது.

மறுநாள் படுத்திருந்தவர் மலையரசன், கபடி வர்ணனையாளர். ஏழு மாவட்டங்களில் அவர் குரல் இல்லாமல் கோப்பை இல்லை. முந்தின நாள் அறுபது அட்டைகளையும் காட்டி, அவர் சொன்ன பெயர்களைத் தாளில் குறித்துக்கொண்டார்கள். துடைப்பத்தின் படத்துக்கு, "விளக்குமாறு. இதுகூடத் தெரியாமயா ஆபரேஷன் பண்ண வந்தீங்க?" என்று கேட்டவர் அவர். கையெழுத்துப் போடும்போது மட்டும் குரல் இறங்கியது.

"சார், உசுருக்கு ஒண்ணு ஆனாலும் பரவாயில்ல. பேச்சு மட்டும் போகக்கூடாது."

காலை பத்து மணிக்கு மண்டை திறந்திருந்தது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் சீடர். இந்தப் பக்கம் தாழ்வான முக்காலியில் குரு, மடியில் அட்டைகளும் நேற்றைய தாளும். மயக்கம் தெளிந்த மலையரசன் வாயைத் திறந்தார்.

"இதோ நம்ம டாக்டர் பாடி வர்றாரு! எதிரணிக் கோட்டைக்குள்ள இறங்கிட்டாரு! ரசிகப் பெருமக்களே, அமைதி, அமைதி!"

செவிலியர்கள் சிரித்தார்கள். சீடர் துணியின் மறைவில் கண்ணை மூடித் திறந்தார். மின்முனையைப் பிடித்த விரல்கள் நடுங்கின.

"இப்போ" என்றார்.

குரு அட்டையைக் காட்டினார்.

"இது யானை."

"இப்போ."

"இது சைக்கிள்."

ஓர் இடத்தை மூன்று தரம் சோதிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு தரம் ஆகிவிட்டது. அந்த இடத்துக்குக் கீழேதான் கட்டியின் கடைசித் துண்டு இருந்தது.

"இப்போ."

"இது... மாறு."



"சரி" என்றார் சீடர். "மாறுன்னாலும் துடைப்பம்தான். வட்டார வழக்கு."

சொல்வது பொய்யல்ல. துடைப்பத்துக்கு ஒன்பது பெயர்களைத் திரட்டிப் பட்டியல் போட்டவர் அவர். ஊர்ப்பேச்சைப் பிழை என்று எண்ணி, வெட்டக்கூடிய இடத்தை யாரும் வெட்டாமல் விட்டுவிடக்கூடாது என்பதற்காக எழுதிய, எல்லோரும் மெச்சிய கட்டுரை அது. அதில் ஆறாவது பெயர் மாறு. அகராதியிலும் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

சீடரின் விரல் நடுக்கம் நின்றது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. கத்தரியைக் கேட்டு வாங்கினார். கை ஓவியம்போல் இறங்கியது.

பாதியில் நின்றது.

மற்ற எட்டுப் பெயர்களும், அவற்றில் மலையரசன் நேற்றுச் சொன்னதும் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கலாம். அல்லது ஒன்றுமே நினைவுக்கு வராமல், பழைய பயம் மட்டும் திரும்பி வந்திருக்கலாம்.

"மேடம்... அதே அட்டை. இன்னொரு தரம்."

மின்முனை தொட்டது.

"இது... இது..." மலையரசனின் கண்கள் அகன்றன. உதடு அசைந்தது. சொல் வரவில்லை. "மா..."

மின்முனை விலகியது.

"விளக்குமாறு! என்ன சார், இதையே காட்டுறீங்க? வீட்ல அக்கா ஞாபகமா?"

யாரும் சிரிக்கவில்லை. சீடர் கத்தரியைத் தட்டில் வைத்தார். அது கிணுகிணுத்தது. அவர் கை மறுபடியும் நடுங்கிக்கொண்டிருந்தது. நெல்மணி அளவுக் கட்டியை அங்கேயே விட்டுவிட்டு மூடினார்.

பிற்பகலில் மலையரசன் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் கஞ்சி குடிப்பதை வர்ணித்துக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. சீடர் குருவின் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து எழுதின தாள் உங்க மடியிலதானே இருந்துச்சு. அவர் ஊர்ல அது விளக்குமாறுதான்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் நிறுத்தலைன்னா?"

"நிறுத்துங்கன்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன். அதுக்குள்ள நீங்க கேட்டுட்டீங்க."



"அந்த ஒரு நொடி எனக்குப் பயமே இல்ல, மேடம்."

"பார்த்தேன். உங்க கை ஆடல. எனக்கு முதுகு சிலிர்த்துப் போச்சு."



"நேத்து ஒரு கேள்வி கேட்டேன்" என்றார் சீடர்.

"எனக்குப் போயிருக்கு, இளவழுதி. ஒரே ஒரு நாள். பதினாலு வருஷம் முன்னாடி. காலையில எழுந்ததுல இருந்து மனசுல ஒரு துளி பயம் இல்ல. நாலாவது கட்டுரை அச்சான வாரம் அது. பாட்டை முணுமுணுத்துக்கிட்டே ஆபரேஷன் பண்ணினேன்."

"யாருக்கு, மேடம்?"

கதவு திறந்தது. ராயப்பன் இரண்டு டம்ளர் டீயை மேசைமேல் வைத்தார். வெயில் தாங்காமல் குல்லாவைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். இடக் காதுக்கு மேலே, குதிரை லாடம்போல வளைந்த பழைய தழும்பு. மறுபடியும் குல்லாவை மாட்டிக்கொண்டு, சீடரைப் பார்த்து இணக்கமாகப் புன்னகைத்தார்.

"அவரையே கேளுங்க" என்றார் குரு.