ஒற்றைக்கால் கூட்டம்

முன்னொரு காலத்திலே, முதலைக்குப் பால்பல்கூட விழாத காலத்திலே, ஒரு காட்டுக்குள் ஒரு தாமரைக்குளம் இருந்தது. அதன் தாழ்ந்த கரையில், கோரைப்புல்லுக்கு நடுவே, ஒரு நீர்க்கோழி ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது.

மழை வந்தால் குளம் நிறையும். குளம் நிறைந்தால் கூடு முழுகும். "மழைக்கு முன்னாடி, குளத்திலிருந்து ஓடைவரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுங்களேன்!" என்று நீர்க்கோழி அக்கம்பக்கத்தாரிடம் கெஞ்சியது.

கொக்கு முன்னின்று வேலையைப் பிரித்தது. குளத்துப் பக்கமிருந்து பெருச்சாளி தோண்டணும். ஓடைப் பக்கமிருந்து முள்ளம்பன்றி தோண்டணும். நடுவில் இரண்டும் சந்திக்கணும்.

முதல் நாள் காலைக் கூட்டத்தில் பெருச்சாளி தன் மாமியார் கதையை எடுத்தது. உச்சிவெயில் ஏறியும் கதை முடியவில்லை!

"இது சரிப்படாது!" என்றது கொக்கு. "நாளையிலிருந்து பேசுறவங்க ஒற்றைக்காலில் நின்னுதான் பேசணும்! நேத்து என்ன செஞ்சோம், இன்னைக்கு என்ன செய்யப்போறோம், என்ன தடை. இவ்வளவுதான் பேச்சு!"

கூட்டம் இமைப்பொழுதில் முடியத் தொடங்கியது. கொக்குக்கு ஒரே பெருமை. முடிந்த வேலைக்கு ஒரு கூழாங்கல் என்று, 'செய்ய வேண்டியது' குவியலிலிருந்து 'செய்தது' குவியலுக்கு மாற்றிக்கொண்டே வந்தது.

நீர்க்கோழி கூட்டிலிருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நேத்து வாய்க்கால் ஓரத்தைச் சீவினேன், இன்னைக்கு வழுவழுன்னு மெழுகுவேன், தடை ஒண்ணுமில்லை!" என்று பெருச்சாளி தள்ளாடியபடி சொல்லும்.

"நேத்து சருகு பொறுக்கினேன், இன்னைக்கும் பொறுக்குவேன், தடை ஒண்ணுமில்லை!" என்று முள்ளம்பன்றி மூச்சிரைக்கும்.

'தோண்டுற பேச்சையே காணோமே?' நீர்க்கோழி கொக்கைக் கூப்பிட்டது.

"கொக்கண்ணே, நான் கூட்டை விட்டு அவ்வளவு தூரம் வர முடியாது. வாய்க்காலில் கொஞ்சம் தண்ணி விட்டுப் பாருங்களேன்!"

"எதுக்கும்மா? இதோ பார், இன்னும் ஒரே ஒரு கல்லுதான் மிச்சம்!" என்று கொக்கு குவியலைக் காட்டியது.

மறுநாள் நண்பகலில் வானம் கறுத்தது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குளம் ஏறியது. கூட்டின் அடிப்புல் நனைந்தது.

"தண்ணி ஏன் ஓடலை?" நீர்க்கோழி அலறிக்கொண்டு வாய்க்காலோடு ஓடியது. பாதி தூரத்தில் அப்படியே திகைத்து நின்றுவிட்டது.

நட்டநடுவில் ஒரு பாறை! இந்தப் பக்கம் பெருச்சாளியின் நகக்கீறல். அந்தப் பக்கம் முள்ளம்பன்றியின் நகக்கீறல்.

பின்னாலேயே வந்த கொக்கின் அலகு திறந்தபடியே நின்றது. "இது... இது எப்போதிலிருந்து இருக்கு?"

"ஒன்பது நாளாச்சு அண்ணே" என்றது பெருச்சாளி. "அது முள்ளம்பன்றி பங்குன்னு நினைச்சேன்."

"நான் அது உன் பங்குன்னு நினைச்சேன்!" என்றது முள்ளம்பன்றி.

"அடப்பாவிகளா! தினமும் தடை என்னன்னு கேட்டேனே! ஏன் சொல்லலை?"

பெருச்சாளி தலை குனிந்தது. "சொல்லணும்னா ரொம்ப நேரம் நிக்கணும். கால் வலிச்சுது அண்ணே."



"பாறையை விடுங்க! பக்கத்துல வளைச்சு வெட்டுங்க!" என்று கத்திவிட்டு நீர்க்கோழி கூட்டுக்குப் பறந்தடித்து ஓடியது.

பெருச்சாளியும் முள்ளம்பன்றியும் சேர்ந்து தோண்டின. மண் இளகிய மண். ஒரு தூக்கம் போட்டு எழும் நேரத்தில் வேலை முடிந்து, தண்ணீர் சலசலவென்று ஓடியது. ஒன்பது நாள் நின்ற வேலை!

கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. இரண்டு இல்லை.

நீர்க்கோழி திட்டவில்லை. ஈர இறகை விரித்து, மூன்றின் மேலும் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெருச்சாளி ஓசைப்படாமல் போயிற்று. முள்ளம்பன்றியும் போயிற்று.

கொக்கு மட்டும் மழையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. பிறகு, மடக்கியிருந்த காலையும் தரையில் ஊன்றி, 'செய்தது' குவியலைக் குளத்துக்குள் தள்ளிவிட்டு, மெல்ல நடந்து போய்விட்டது.

தடையை வாய்விட்டுச் சொல்ல நேரம் கொடுக்காத கூட்டம், தினம் தினம் கூடினாலும் வேலையைக் கரைசேர்க்காது.