முதல் மார்க் வாங்கிய கிடாரி

அந்த மாட்டுப் பண்ணைக்கு டாக்டர் திருமலைச்செல்வன் வைத்ததுதான் சட்டம். மரபணுவை மெஷினில் சோதித்து, எந்த மாடு எவ்வளவு கறக்கும், எப்போது சினை பிடிக்கும் என்று கன்றிலேயே மார்க் போட்டுவிடுவார். அவர் முதல் மார்க் கொடுத்த கிடாரிக்கோ மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை.

பழி தொழுவத்தில் வேலை பார்க்கும் அஞ்சுகத்தின் தலையில் விழுந்தது.

"அடுத்த ஊசியில சினை நிக்கணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல" என்றார் டாக்டர்.

"ஐயா, அது காளைக்கன்னோட இரட்டையாப் பொறந்தது. அதுக்குச் சினை பிடிக்காதுங்க."

"என் மெஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?"

அஞ்சுகம் ஒரு வாரம் பொறுத்திருந்தாள். மேலதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, பண்ணைக் கம்பவுண்டரைக் கெஞ்சி எடுக்கவைத்த ஒரு குப்பி மாட்டு ரத்தத்தை டாக்டரிடம் நீட்டினாள்.

"ஐயா, இது காளையா கிடாரியான்னு மெஷின் சொல்லுங்களா?"

"சொல்லாம?"

அதிகாரிகள் முன்னால் சோதனை நடந்தது. சாயங்காலம், "காளைக்கன்று, சந்தேகமே இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார் டாக்டர்.

அஞ்சுகம் போய் அந்தக் கிடாரியை ஓட்டிவந்து நிறுத்தினாள்.

"ரத்தம் இதோடதுதாங்க. தாய் வயித்துலயே கூடப்பொறந்த காளையோட ரத்தம் இதுல கலந்துடுச்சு, அதான் சினை பிடிக்கல. இப்ப நீங்களே காளைன்னு எழுதிட்டீங்க. அடுத்த சினை ஊசியை எப்பங்க போடறது?"

டாக்டர் அவசரமாக ரிப்போர்ட்டைத் தேடினார். அதைப் பெரிய அதிகாரி இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.