மகாராசாவின் தாடையில் விழுந்த காஷ்

முன்னொரு காலத்தில் கொம்படிச் சீமையைச் சின்னப்புலி மகாராசா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் முகம் மழித்துக்கொள்வார், மத்தியானம் மீன்குழம்பு சாப்பிடுவார், நடுவில் நேரம் மிஞ்சினால் நீதி வழங்குவார். பெயரில்தான் புலி, போர்க்களத்தைச் சித்திரத்தில்கூடப் பார்த்தவரில்லை.

அவருக்கு முகம் மழிப்பவன் மாசானம். வெள்ளைக்காரர் கடிதங்களைப் படித்துச் சொல்பவர் துபாஷி வரதப்பன். மாசானம் தினமும் அரை நாழிகை ராசாவின் காதருகே நின்று ஊர்க்கதை பேசுவான், ராசாவும் கேட்டுச் சிரிப்பார். துபாஷிக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். நாலு எழுத்து இங்கிலீஷ் படித்தவனை விட்டுவிட்டுக் கத்தி பிடிக்கிறவன் பேச்சையா கேட்பது?

ஒருநாள் மழிக்கும்போது ராசா தும்மினார். தாடையில் சீரகம் அளவுக்கு ஒரு கீறல். மாசானம் படிகாரத்தை எடுப்பதற்குள் துபாஷி முந்திக்கொண்டார்.

"கீறலா? குடியானவனுக்கு வந்தால்தான் கீறல். மகாராசாவுக்கு வந்திருப்பது காஷ்."

"அப்படியென்றால்?"

"இங்கிலீஷ் சொல் மகாராசா. நீளமாக, ஆழமாக, சதை வாய் பிளந்து நிற்கும் வெட்டு. 'போரில் தளபதியின் நெற்றியில் காஷ் விழுந்தது' என்று எழுதுவார்கள்."

தளபதி என்றதும் ராசாவுக்குத் தாடை நிமிர்ந்துவிட்டது. சபையைக் கூட்டி எல்லோருக்கும் காஷைக் காட்டினார். இல்லாததைப் பார்ப்பதில் அரசவைக்காரர்களுக்கு நல்ல பழக்கம். ஆகா, எவ்வளவு ஆழம் என்றார்கள்.

"காஷ் போட்டவனுக்குத் தண்டனை உண்டல்லவா?" என்று துபாஷி மெதுவாக எடுத்துக்கொடுத்தார். "வலது கையை எடுப்பதுதான் முறை."

ராசா தயங்கினார். ஆனால் தண்டிக்காமல் விட்டால் காஷ் வெறும் கீறலாகிவிடுமே. "சரி, எடுங்கள்," என்றார்.

அந்தப்புரத்தில் பிரசவம் பார்க்கும் மாசானத்தின் பெண்டாட்டி சிலம்பாயிக்குச் செய்தி போயிற்று. ஊரில் வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுபவளும் அவள்தான். அந்தக் கை போனால் வீட்டில் உலை ஏது? ஆனால் அழுகிற பெண்பிள்ளையைச் சபையில் யார் மதிப்பார்கள்? முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருந்துப் பையோடு நேரே வந்து நின்றாள்.

"துபாஷி ஐயா, வெட்டு ஆழந்தானே?"

"ஆழம்."

"வாய் பிளந்து நிற்கிறது?"

"நிற்கிறது."

"அடப்பாவிகளா, மகாராசாவை இப்படியேவா உட்கார வைத்திருக்கிறீர்கள்? ஊசியைக் காய்ச்சுங்கள். ஏழு தையல். அப்புறம் நாற்பது நாள் பத்தியம். உப்பில்லாத கஞ்சி. புளி, காரம், மீன் ஆகாது. பேசினால் தையல் பிரியும், பேச்சும் கூடாது."

அன்றைக்கு விரால் மீன்குழம்பு. தாளிக்கும் வாசனை சபைவரைக்கும் வந்துகொண்டிருந்தது.

"துபாஷி," என்றார் ராசா, "இதைவிடச் சின்னதாக இங்கிலீஷில் ஏதாவது இருக்கிறதா?"

"ஸ்கிராட்ச் என்று ஒன்று..."

"அதற்குப் பத்தியம்?"

"அதற்கு எச்சில் தொட்டு வைத்தால் போதும் சாமி," என்றாள் சிலம்பாயி. "கையும் எடுக்க மாட்டார்கள்."

ராசா தாடையைத் தடவினார். குழம்பும் வேண்டும், காஷும் வேண்டும். "காஷ் காஷாகவே இருக்கட்டும். பத்தியம் மட்டும் வேண்டாம்."

இந்தப் பிடிவாதத்துக்குத்தான் அவள் காத்திருந்தாள். "அதற்கும் வழி உண்டு. பால்குடிப் பிள்ளைக்கு நோவு வந்தால் பெற்றவள்தானே பத்தியம் இருக்கிறாள்? என் புருசன் கத்தி போட்டது சீரகம் அளவு. அதை இவ்வளவு பெரிய காஷாகப் பெற்று வளர்த்தது துபாஷி ஐயாவின் வாய். பெற்றவரே பத்தியம் இருக்கட்டும். காஷ் போட்டவர் கையை எடுப்பதுதான் முறை என்றால், அதுவும் அவர் கைதான்."

துபாஷி தன் வலது கையை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார். ராசா சிரித்த சிரிப்பில் சீரகக் கீறல்கூட மூடிக்கொண்டது.

"கை வேண்டாம் மகாராசா, பாவம்," என்றாள் சிலம்பாயி. "கஞ்சி போதும்."

மாசானத்துக்கு அன்றே புதுக் கத்தியும் பட்டு வேட்டியும் கிடைத்தன. சிலம்பாயிக்கு ராசா தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். நாற்பது நாளும் ராசா விரால் சாப்பிட, பக்கத்தில் உட்கார்ந்து துபாஷி உப்பில்லாத கஞ்சியை ஒரு பேச்சும் பேசாமல் குடித்தார். சபையில் அத்தனை நிம்மதி அதற்கு முன் இருந்ததில்லை.

நாற்பத்தோராம் நாள் ரோஜா பறித்த ராசாவின் விரலை முள் கிழித்தது.

"துபாஷி, இதற்கு இங்கிலீஷில் என்ன?"

துபாஷி அந்தப்புர வாசலில் நின்ற சிலம்பாயியைப் பார்த்தார், அவளுடைய மருந்துப் பையைப் பார்த்தார்.

"இதற்குத் தமிழே போதும் மகாராசா. ஒன்றுமில்லை என்பார்கள்."