நிற்பது டஃப் இல்லை

திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்றில் தனுஷ்கோடி புது மேனேஜராக வந்தார். வந்த முதல் வேலையாக, விற்பனைப் பெண்கள் உட்காரும் ஸ்டூல்களை எல்லாம் தூக்கிக் குடோனில் போட்டார். இரண்டாவது வேலையாக, கடை திறந்ததும் இங்கிலீஷ் வகுப்பு நடத்த ஆரம்பித்தார்.

அன்றைய சொல் 'டஃப்'.

"கஷ்டமான எதுக்கும் இதைச் சொல்லலாம்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். "ஸ்டாண்டிங் இஸ் நாட் டஃப். நிக்கிறது கஷ்டமில்லை. எங்க, எல்லாரும் சொல்லுங்க."

நின்றுகொண்டிருந்த பெண்கள் சொன்னார்கள்.

கல்லாவில் இருந்த முதலாளி அண்ணாச்சி காதைத் தீட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் மேனேஜருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சேலைப் பிரிவு மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டார்.

"நீ சொந்தமா ஒரு சென்டன்ஸ் சொல்லு. தப்பாச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்."

"சிட்டிங் இஸ் வெரி டஃப், சார்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "உக்கார்றது எப்படிம்மா கஷ்டமாகும்?"

"நிக்கிறது கஷ்டமில்லைன்னு நீங்கதான சார் சொன்னீங்க? அந்த லேசான வேலையை எங்களுக்குக் கொடுத்துட்டு, உக்கார்ற வேலையை நீங்க ஒருத்தரே நாள் பூரா பாக்குதீங்க. அப்ப அதுதான கஷ்டமா இருக்கணும்? இன்னைக்கு ஒருநாள் நாங்க உக்காருதோம். நீங்க நில்லுங்க சார்."

அண்ணாச்சி மீசைக்குள் சிரித்தார். "புள்ள சொல்லுதது நியாயந்தான வே. எந்திரியும்."

மேனேஜர் எழுந்து நின்றார். மத்தியானத்துக்குள் குடோனிலிருந்து ஸ்டூல்களை அவரே சுமந்துகொண்டு வந்தார். முதல் ஸ்டூலில் அவரே உட்கார்ந்தும்விட்டார்.