ஆட்காட்டியும் வாய்தா நாளும்

ஒரு காட்டில் யானைதான் நீதிபதி. குழந்தைகளே, அந்த யானைக்கு மறதி என்பதே கிடையாது. எந்த மழைக்கு எந்தக் கிளை ஒடிந்தது என்றுகூடச் சொல்லும். அதனாலேயே மறப்பவர்களைக் கண்டால் அதற்கு ஆகாது.

யானையின் நெல்லித் தோப்பில் ஒரு காயைக் கடித்தாலும் வழக்குத்தான். தண்டனை ஒன்றும் பெரிதாக இருக்காது. "இனிமேல் இந்தப் பக்கம் வராதே" என்று ஓர் அதட்டல், அவ்வளவுதான். ஆனால் வாய்தா நாளில் வராமல் போனால் குகைதான். குகைக்குக் காவல் கழுதைப்புலி. உள்ளே பட்டினியில் விழுந்தவர்கள் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போனார்கள்.

காட்டில் நாள்காட்டி ஏது? "புரசு பூக்கும் அன்று வா", "ஓடை வற்றிப் பாறை தெரியும் அன்று வா" என்று யானை சொல்லிவிடும். இரை தேடவும் குட்டியைக் காக்கவுமே பொழுது போதாதவர்கள் புரசு பூத்ததா என்று எங்கே அண்ணாந்து பார்ப்பது? முயல் மறந்தது, குகைக்குப் போனது. முள்ளம்பன்றி மறந்தது, அதுவும் போனது. "எல்லாம் திமிர்" என்றது யானை.

ஆற்று மணலில் முட்டையிட்டிருந்த ஆட்காட்டிக் குருவிக்கு இது பொறுக்கவில்லை. மன்றம் கூடுவது அந்த மணலுக்குப் பக்கத்தில்தான். யாருக்கு என்றைக்கு வாய்தா என்பது அதன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆள் வந்தால் கத்திச் சொல்வது அதன் பிறவிக் குணம். வாய்தா வந்தாலும் கத்திச் சொன்னால் என்ன என்று நினைத்தது. அன்று முதல் விடிந்ததும் புதர் புதராகப் பறந்துபோய், "இன்றைக்கு உன் நாள், கிளம்பு" என்று கூப்பிட்டது.

கூப்பிட்டவர்கள் எல்லாம் வந்தார்கள். அதட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். குகைக்குப் புதிதாக யாரும் வரவில்லை. கழுதைப்புலிக்கு வயிறு ஒட்டிப்போனது. அது யானையிடம் போய் நின்றது.

"ஐயா, முன்பெல்லாம் உங்களுக்குப் பயந்து வந்தார்கள். இப்போது ஒரு குருவி கத்தினால்தான் வருகிறார்கள். மன்றம் யானையுடையதா, குருவியுடையதா என்று வெளியே பேச்சு."

யானையின் காதுகள் விடைத்தன. "அந்தக் குருவியின் மேலேயும் ஒரு வழக்குப் போடு."

"போட்டுவிடலாம் ஐயா. புரசு பூக்கும் அன்றைக்கு வழக்குகள் நிறைய. இதையும் அன்றைக்கே வைத்து, முதலில் கூப்பிட்டுவிடலாம்."

புரசு பூத்தது. நெல்லிக்காய் தின்ற சருகுமானுக்கும் அன்றுதான் வாய்தா. சருகுமான் மானிலேயே சின்னஞ்சிறியது. இலை அசைந்தாலும் அதற்கு உடம்பு நடுங்கும். அதற்கு இருந்தது ஒரே ஒரு குட்டி. விடியும்போது ஆட்காட்டி வந்து கூப்பிட்டது.

"எழுந்திரு, இன்றைக்கு உன் நாள். எனக்கும் இன்றைக்குத்தான்."

"அப்படியானால் வா, சேர்ந்தே போவோம்."

"அக்கரையில் உடும்பு இருக்கிறது, அதற்கும் வாய்தா. நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். என்னை முன்னாலேயே கூப்பிட்டால், வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு."

"கட்டாயம் சொல்கிறேன்" என்றது சருகுமான்.

அந்த மன்றத்தில் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆள் வரும் வழியில் இருப்பதாக யாராவது ஒருவர் சொன்னால் போதும், வெயில் உச்சிக்கு ஏறும்வரை யானை காத்திருக்கும்.

"ஆட்காட்டி" என்று கூப்பிட்டது கழுதைப்புலி.

சருகுமான் வாயைத் திறந்தது. கழுதைப்புலி திரும்பி அதைப் பார்த்தது. பிறகு அதன் காலோடு ஒட்டி நின்ற குட்டியையும் பார்த்தது. சருகுமான் வாயை மூடிக்கொண்டது.

"ஆட்காட்டி."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆட்காட்டி கூப்பிட்டு வந்தவர்கள்தான். வேறு யாராவது பேசட்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலை என்று சருகுமானின் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாம் முறையும் கூப்பிட்டாயிற்று. அதற்கு நாக்கு எழவே இல்லை.

"ஊருக்கெல்லாம் நாள் சொல்கிறவளுக்குத் தன் நாள் தெரியவில்லை. குகை" என்றது யானை.

அப்போதுதான் ஆட்காட்டி மூச்சிரைக்க வந்து இறங்கியது. கழுதைப்புலி அதை இறக்கையோடு சேர்த்துக் கவ்வியது. ஆட்காட்டி திட்டவில்லை. சருகுமானைப் பார்த்து, "சொன்னாயா?" என்று மட்டும் கேட்டது. சருகுமான் தரையைப் பார்த்தது.

யானைக்குக் களைப்பு வந்துவிட்டது. "மற்ற வழக்கெல்லாம் இலவம் பஞ்சு பறக்கும் அன்றைக்கு" என்று சொல்லி எழுந்து போனது. அடைகாக்க ஆளில்லாமல் மணலில் கிடந்த முட்டைகள் வெயிலில் கெட்டுப்போயின.

காட்டில் இருந்த ஒரே இலவ மரம் குகைக்குப் பக்கத்தில்தான் நின்றது. குகைக்குள் ஊரும் பூச்சிகளைக் கொத்தி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த ஆட்காட்டி அங்கேயும் சும்மா இருக்கவில்லை. விடிந்தால் இன்று யாருடைய நாள் என்று கத்தும். அந்த வழியாகத் தண்ணீருக்குப் போகிறவர்களுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் சருகுமானால் அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. குட்டியைக் கூட்டிக்கொண்டு சுற்றுவழியாகப் போகப் பழகிக்கொண்டது. மற்றவர்களும் அப்படித்தான்.

ஒரு நாள் மாலை கழுதைப்புலி புதருக்கு வெளியே வந்து நின்றது. அதன் பிடரியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. சருகுமான் குட்டியைத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டது.

"இன்றைக்கா?"

"நேற்று."

"எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லவில்லையே."

"யாரும் சொல்லவில்லையா? முதல் பஞ்சு குகை வாசலில் விழுந்ததிலிருந்து குருவி உன்னைத்தான் கூப்பிட்டது. தொண்டை கட்டும்வரை கத்தியது. எங்கே நீ வந்துவிடுவாயோ என்று எனக்கே பயமாகிவிட்டது."

சருகுமான் குட்டியை ஒரு முறை நக்கிக்கொடுத்தது. பிறகு கழுதைப்புலியின் பின்னால் நடந்தது.

நீதி: நமக்காகக் குரல் கொடுத்தவருக்கு நாம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால், அடுத்த முறை அந்தக் குரல் நம் காதுக்கு எட்டாது.