வாசலில் கொட்டிய சக்கை

சீனத்து மலையூர் ஒன்றில் வைத்தியம் பார்த்தவர் யுன் அம்மாள். அவரிடம் பாடம் கேட்ட ஃபெங் அவரைவிட ஐந்து வயது மூத்தவர். தச்சு வேலையை விட்டுவிட்டு, நாற்பதுக்கு மேல் வேர் நறுக்க உட்கார்ந்த மனுஷன். எதிலும் அவசரம். ஆற்றோரப் பாதை சுற்று என்று, வீட்டுக்குக்கூட மேட்டுக் குறுக்குவழியில்தான் போவார்.

அவருடைய முதல் நோயாளி ஹோ, படகோட்டி, ஒண்டிக்கட்டை. குடலில் புண். ஏழு வருஷமாக ரத்தமும் சீதமுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையோடு ஃபெங்கின் கஷாயமும் சேர்ந்து, நாளுக்குப் பத்துத் தடவை என்பது ஆறாகக் குறைந்திருந்தது. அப்படியும் ஹோ, இந்த வாரத்தோடு எல்லா மருந்தையும் நிறுத்தப்போவதாகச் சொல்லியனுப்பிவிட்டார். நிறுத்தினால் பிழைக்கமாட்டார். ஃபெங்குக்கு அது தெரியும்.

பயந்துபோய் யுன்னிடம் ஓடினார். எந்த வேரைக் கூட்டட்டும், எதைக் குறைக்கட்டும் என்று கேட்டார். யுன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கஷாயம் வடித்த சக்கையை வாசலுக்கு எதிரே பாதையில் கொட்டுவார்கள். போகிறவர் வருகிறவர் மிதித்தால் நோய் அவர்கள் காலோடு போய்விடுமாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தெரிந்தவர் வீட்டுச் சக்கை என்றால் வேண்டுமென்றே மிதித்துவிட்டுப் போவார்கள்.

ஹோவின் வீடு ஆற்றோரத்தில் கடைசி. வாசலில் மூன்று மாதச் சக்கை குவிந்து கிடந்தது. அடியில் பூஞ்சை, மேலே ஈரம். ஒரு கால் தடம் இல்லை, பாவம்.

ஃபெங் குனிந்து நுகர்ந்து பார்த்தார். பக்குவமாகத்தான் காய்ச்சியிருக்கிறார் என்றார்.

பேச்சுக் குரல் கேட்டு ஹோ கதவைத் திறந்தார். விருந்துக்குப் போயே வருஷக்கணக்காகிறது, பாதிப் பந்தியில் எழுந்து ஓடுகிறவனை யார் கூப்பிடுவார்கள் என்று அவரே சிரித்தார். பிறகு சக்கையைக் காட்டினார்.

"நான் குணமாகி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

யுன் குவியலின் மேல் ஏறி நடந்தார். திரும்பி வந்து இன்னொரு தரம் நடந்தார். ஹோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன் என்று உள்ளே போனார்.

ஃபெங் மெதுவாகக் கேட்டார். "அம்மா, மருந்தில என்ன மாத்தட்டும்?"

"மருந்து சரியாத்தான் இருக்கு."

"அப்போ குணமாகிடுவாரா?"

"அது எனக்குத் தெரியாது," என்றார் யுன். "நாளைக்கு நீங்க எந்த வழியா வீட்டுக்குப் போவீங்க?"